கடையில் பில் போடும்போது நன்கொடை கேட்பது முறைதானா? அந்தப் பணம் யார் கணக்கில் சேர்கிறது?

கேள்வி: திருச்சி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் உள்ள பெரிய மளிகை அங்காடியில் சில மாதங்களாக ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. பொருள்களையெல்லாம் ஸ்கேன் செய்து முடித்து, பணம் செலுத்த நான் கைப்பேசியை எடுக்கும் நேரத்தில், "ஏழைக் குழந்தைகளின் படிப்புக்குப் பத்து ரூபாய் சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று பில் போடும் பெண் கேட்கிறார். ஒரு மருந்துக் கடையில், 387 ரூபாய் பில்லை 390 ஆக்கிக்கொள்ளலாமா, மீதி மூன்று ரூபாய் நோயாளிகள் நலநிதிக்குப் போகும் என்கிறார்கள். இணையத்தில் உணவு வரவழைக்கும்போதோ எவரும் கேட்பதே இல்லை. பில்லின் கடைசி வரியில் நன்கொடை என்று ஒரு சிறு தொகை தானாகவே ஏறியிருக்கிறது, கண்ணில் பட்டால் நாம்தான் அதை நீக்க வேண்டும்.

கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்கு எங்களால் இயன்றதை அனுப்புகிறோம்; அவர்கள் ரசீது தருகிறார்கள், வேண்டுமானால் நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். அங்காடியில் கொடுக்கும் பத்து ரூபாய்க்கு அப்படி எந்தத் தடயமும் இல்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, "வேண்டாம்" என்று சொல்வதற்குக் கூச்சமாகவும் இருக்கிறது. நம்மிடம் வசூலித்த பணத்தைக் காட்டிக் கடைக்காரர்கள் தங்கள் வருமான வரியைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நிறுவனங்கள் சட்டப்படி செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியை நம் தலையில் கட்டுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மை, எது வதந்தி என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: கோவை கணக்காயர்

வணக்கம் அம்மா. வரி பற்றிய செய்தியை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் தவறு.

ஒரு கடை ஓராண்டில் வாடிக்கையாளர்களிடம் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை திரட்டியதாக வைத்துக்கொள்வோம். அதைத் தன் வருமானமாகக் காட்டிவிட்டு, பிறகு அறக்கட்டளைக்குக் கொடுத்ததாகக் கழித்துக்கொண்டாலும் கடைக்கு ஒரு ரூபாய்கூட இலாபம் இல்லை; வந்ததும் போனதும் சமமாகிவிடும். உண்மையில் அது நஷ்டத்தில்தான் முடியும். 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80ஜி பிரிவின்கீழ், பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்குத் தரும் நன்கொடையில் 50 விழுக்காட்டுக்கே கழிவு (வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை) உண்டு. ஆகவே ஒரு லட்சத்தை வருமானமாகக் காட்டும் கடை ஐம்பதாயிரத்துக்கு வீணாக வரி கட்ட நேரிடும். 115பிஏஏ பிரிவின்கீழ் 22 விழுக்காடு என்ற குறைந்த வரி வீதத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனமாக இருந்தால் 80ஜி கழிவு அறவே கிடையாது.

அப்படியானால் அந்தப் பணம் கணக்கில் எங்கே நிற்க வேண்டும்? இதற்கு நம் நாட்டில் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. வட இந்திய வணிகர்கள் விற்பனைச் சீட்டிலேயே 'தர்மாதா' என்று தனி இனமாக எழுதி, விலையோடு சேர்த்து ஒரு சிறு தொகையை அறச்செயல்களுக்காக வாங்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம். அது வணிகரின் வருமானமா என்ற கேள்வி பிஜ்லி காட்டன் மில்ஸ் என்ற நூல் ஆலையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1979இல் வந்த தீர்ப்பு, அந்தத் தொகை பொருளின் விலையில் ஒரு பகுதி அல்ல, வாங்கும்போதே அறத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பணம், அதை அதற்கே செலவிடும் கடப்பாட்டோடுதான் ஆலை கையில் வைத்திருக்கிறது, ஆகவே அது ஆலையின் வருமானம் ஆகாது என்று கூறியது. கலால் வரிக்காகப் பொருளின் மதிப்பைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்கலாமா என்ற கேள்வி பின்னர் எழுந்து, மாறுபட்ட தீர்ப்புகளும் வந்தன, 2019இல் டி.ஜே. மல்பானி வழக்கில், சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பில்லில் அது தனியாகக் காட்டப்பட்டிருந்ததும், வாங்குபவர் அறத்துக்கென்றே கொடுத்ததும் அங்கே முக்கியமாகக் கருதப்பட்டன.

ஆகவே இன்றைய அங்காடியின் ஏட்டில் உங்கள் பத்து ரூபாய் விற்பனைத் தலைப்பில் வரக் கூடாது. அறக்கட்டளைக்குத் தர வேண்டிய பாக்கி என்று பொறுப்புகளின் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஜிஎஸ்டியும் விதிக்கக் கூடாது. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்: பொருள்களின் தொகையும் வரியும் முடிந்த பிறகு நன்கொடை தனி இனமாக, எந்த அமைப்புக்கு என்ற பெயரோடு இருந்தால் முறையாகச் செய்கிறார்கள் என்று கொள்ளலாம். பெயரே இல்லாமல் 'நன்கொடை' என்று மட்டும் இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

முறைகேட்டுக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். திரட்டிய பணத்தைக் கடை தன் பெயரிலேயே மொத்தமாக அனுப்பி, அறக்கட்டளையும் கொடையாளர் விவரங்களைத் தாக்கல் செய்யும் தன் படிவம் 10பிடி அறிக்கையில் கடையையே கொடையாளராகப் பதிந்துவிட்டால், படிவம் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் கடையின் பெயருக்கு வரும். அந்தப் பணத்தை வருமானமாகக் காட்டாமலே, சான்றிதழை வைத்து 80ஜி கழிவு கோரினால் அது மோசடி. வாட்ஸ்அப் செய்தி எல்லாக் கடைகளும் சட்டப்படியே இப்படிச் செய்யலாம் என்பது போலப் பேசுகிறது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. திரட்டிய பணத்தை உடனே அனுப்பாமல் மாதக்கணக்கில் தன் வங்கிக் கணக்கில் வைத்து வட்டி பார்ப்பது இதைவிட எளிதாக நடக்கக்கூடியது. அதைப் பற்றி ஏனோ எவரும் செய்தி அனுப்புவதில்லை.

சமூகப் பொறுப்பு நிதியைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். இலாபத்திலிருந்து நிறுவனம் செலவிட வேண்டிய தொகை அது. வாடிக்கையாளர் கொடுத்த பணம் நிறுவனத்தின் வருமானமே அல்ல என்னும்போது அதை நிறுவனத்தின் செலவாக எழுத முடியாது. ஆனால் விளம்பரப் பலகையில் "நாங்கள் இவ்வளவு கோடி வழங்கினோம்" என்று எழுதும்போது யார் பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. என் பார்வையில் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுதான்: வரியில் அல்ல, பெயரில்.

பதில்: முன்னாள் காசாளர், சென்னை

நான் நான்கு ஆண்டுகள் ஒரு பெரிய அங்காடியில் பில் போடும் வேலையில் இருந்தேன். கணக்காயர் ஐயா சொன்னவை எங்களுக்கு மேலே நடப்பவை. கவுண்டரில் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

நன்கொடை இயக்கம் தொடங்கும் வாரத்தில் மேலாளர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தருவார். அந்த வாக்கியத்துக்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. "எந்த அமைப்பு, எந்த ஊரில் பள்ளி நடத்துகிறார்கள்?" என்று வாடிக்கையாளர் திருப்பிக் கேட்டால், கவுண்டரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுவோம், அதில் சிரிக்கும் குழந்தையின் படமும் அமைப்பின் பெயரும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. எங்கள் கணினியில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள் வரும், ஒன்றை அழுத்தாமல் பில் முடியாது. ஆகவே நாங்கள் கேட்காமல் விட்டால் 'இல்லை' என்று நாங்களே அழுத்த வேண்டும். ஒரு நாளில் எத்தனை 'இல்லை' விழுந்தது என்பது மாலையில் மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். யார் அதிகம் திரட்டினார்கள் என்று ஓய்வறைப் பலகையில் பெயர் எழுதுவார்கள். இலக்கு என்ற சொல்லை எவரும் வாயால் சொன்னதில்லை, ஆனால் பலகையில் கடைசியாக இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

வாடிக்கையாளர்களின் கோபமெல்லாம் எங்கள் மீதுதான் விழும். "உங்கள் முதலாளி கொடுக்கட்டுமே" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கலாம், ஆனால் அதை முதலாளியிடம் சொல்ல எங்களால் முடியாது. பொருளைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களிடம்தான் பெரிய சிக்கல். பொருளின் பணம் திரும்பக் கிடைக்கும், நன்கொடை திரும்பாது. கணினியில் அதற்கு வழியே வைத்திருக்கவில்லை. பத்து ரூபாய்க்காக அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வாடிக்கையாளரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் தான் 'ஆம்' என்று சொன்னதே அவருக்கு நினைவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய பிறகு சில வாரங்கள் நாங்கள் எவரிடமும் சொல்லித் தந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. கவுண்டரில் ஓர் உண்டியல் வைத்திருந்தோம். மக்கள் தாங்களாகவே போட்டார்கள். எங்கே போகிறது என்று கேட்கவும் இல்லை, ஏனென்றால் தேவை எங்கே இருக்கிறது என்று வாசலைத் தாண்டினாலே தெரிந்தது.

சகோதரி, நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்வதால் எதிரில் இருக்கும் பெண் உங்களைப் பற்றித் தவறாக நினைக்க மாட்டார். அடுத்த பில்லை எவ்வளவு விரைவாகப் போடுவது என்பதே அவர் கவலை.

பதில்: விருதுநகர் வணிகர்

தானியமும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. கடையில் தர்மத்துக்குப் பணம் எடுப்பதை ஏதோ அமெரிக்காவிலிருந்து இறங்கிய புதுமை போல இங்கே பேசுவதைப் பார்த்து எழுதுகிறேன். கோவை நண்பர் வடக்கே உள்ள தர்மாதாவைச் சொன்னார். தெற்கே எங்களுக்கு மகமை இருக்கிறது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் என்ற தங்கள் வணிக வளாகங்களில் நடந்த வியாபாரத்தின்மீது, மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி, உறவின்முறை என்ற தங்கள் சமூகச் சங்கத்தின் பொதுநிதியில் சேர்த்தார்கள். கோயில், கிணறு, சத்திரம் என்று தொடங்கிப் பின்னர் பள்ளிக்கூடங்கள் வரை அந்த நிதியிலிருந்துதான் எழுந்தன. நகரத்தார் நடுவிலும் மகமை உண்டு. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலாவுக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்த கதையை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை.

எனவே சிறு தொகையைப் பலரிடம் வாங்கிப் பெரிய காரியம் செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அங்காடிக்காரர்கள் செய்வதில் நான் காணும் குறை வேறு. மகமையில் முதல் பணம் வணிகனுடையது. தன் வியாபாரத்திலிருந்து அவன் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களைப் பற்றிய பேச்சு. நிதியை யார் வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும், கணக்கை உறவின்முறைக் கூட்டத்தில் படிப்பார்கள், ஒரு தூணுக்கு வாங்கிய கல் தரமற்றதாக இருந்தால்கூட எழுந்து கேட்க நாலு பேர் இருப்பார்கள். அங்காடியில் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் எந்த முகமும் இல்லை. கடை தன் பங்காக எவ்வளவு போட்டது என்று எழுதி ஒட்டட்டும், அதற்கு மேல் வாடிக்கையாளரிடம் கேட்கட்டும். நான் முதல் ஆளாகக் கொடுப்பேன்.

மீண்டும்: கோவை கணக்காயர்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மகமையை முற்றிலும் விருப்பக் கொடை என்று சொல்ல முடியாது. உறவின்முறையைச் சேர்ந்த வணிகர் ஒருவர் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு அதே பேட்டையில் நிம்மதியாகத் தொழில் நடத்தியிருக்க முடியாது. அது ஏறக்குறைய வரி போலத்தான் வசூலிக்கப்பட்டது. அங்கே கட்டாயமும் இருந்தது, கணக்கும் இருந்தது. இங்கே கட்டாயம் இல்லை, கணக்கும் இல்லை.

பதில்: மதுரை, நுகர்வோர் அமைப்பின் தன்னார்வலர்

கேள்வி கேட்டவர் மூன்று வகை நிகழ்வுகளைச் சொல்லியிருக்கிறார். சட்டத்தின் பார்வையில் அவை ஒன்றல்ல. ஆள் ஒருவர் வாய்விட்டுக் கேட்பதும், பில்லை முழுத்தொகையாக்கலாமா என்று கேட்பதும் சம்மதம் பெறும் முயற்சிகள். செயலியில் நன்கொடையை முன்கூட்டியே சேர்த்து வைப்பது சம்மதத்தைத் திருடும் முயற்சி. மூன்றாவதைத்தான் நாம் முதலில் எதிர்க்க வேண்டும், அதற்கு இப்போது சட்டத்தின் துணையும் இருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதின்மூன்று வகை ஏமாற்றுகளை அது பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று, வாங்குபவரின் சம்மதம் இல்லாமல் பணம் செலுத்தும் கட்டத்தில் கூடுதல் பொருளையோ சேவையையோ கூடையில் நுழைத்துத் தொகையை உயர்த்துவது. அந்த வரையறையிலேயே அறக்கொடையும் நன்கொடையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. இன்னொன்று, மறுப்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது. நன்கொடையை நீக்க முயலும் பயனரிடம் "தர்மம் பணக்காரர்களுக்கானது, எனக்கு அக்கறை இல்லை" என்ற பொருளில் ஒரு வாசகத்தை அழுத்தச் சொல்லும் தளத்தை அந்த ஆவணமே உதாரணமாகக் காட்டுகிறது. 2025 ஜூனில் ஆணையம் எல்லா மின்வணிகத் தளங்களையும் மூன்று மாதங்களுக்குள் தாங்களே தணிக்கை செய்து இத்தகைய வடிவமைப்புகளை நீக்குமாறு அறிவுறுத்தியது. அதன் பிறகும் உங்கள் பில்லில் கேட்காத நன்கொடை வந்தால், திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். இரண்டு ரூபாய்க்கா புகார் என்று எண்ண வேண்டாம். கோடிக்கணக்கான ஆர்டர்களில் அந்த இரண்டு ரூபாய் என்ன ஆகும் என்பதை அந்தத் தளம் நன்றாகவே கணக்குப் போட்டிருக்கும்.

நேரடிக் கடைகளுக்கு இந்த நெறிகள் அப்படியே பொருந்தா, ஏனெனில் அவை இணையத் தளங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆனாலும் உணவகங்களின் சேவைக் கட்டணத்தில் இதே கொள்கையைக் காணலாம். பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. உணவகச் சங்கங்கள் எதிர்த்து வழக்குத் தொடர்ந்தும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. விருப்பத்தின் பேரில் தர வேண்டியதை பில்லில் அச்சிட்டு நீட்டக் கூடாது என்பது அதன் சாரம். உங்கள் கடையில் கேட்காமலே நன்கொடையைச் சேர்த்திருந்தால் அந்தத் தொகையை நீக்கி வேறு பில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முழுத்தொகையாக்குவது பற்றி ஒரு சிறு குறிப்பு. 2011 ஜூன் 30இலிருந்து 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாமல் போன பிறகு, காசுகளை விட்டு ரூபாயாக்குவது எல்லாக் கடைகளிலும் வழக்கமாகிவிட்டது. சில்லறை இல்லை என்று மிட்டாய் தரும் வழக்கத்தையும் நாம் பார்த்தவர்கள்தாம். சில்லறைத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் "மூன்று ரூபாயைத் தர்மத்துக்குப் போடலாமா" என்பதற்கு ஒரு காரணமாவது இருந்தது. யுபிஐயில் 387 ரூபாயைக் காசு பிசகாமல் அனுப்ப முடிகிறபோது அந்தக் காரணம் போய்விட்டது. கேட்கும் உத்தி மட்டும் எஞ்சியிருக்கிறது.

பதில்: நியூஜெர்சியிலிருந்து

இந்த வழக்கம் மிகப் பெரிய அளவில் நடக்கும் நாட்டில் வாழ்வதால் சில விவரங்களைச் சேர்க்கிறேன். அமெரிக்காவில் 2022இல் தலா பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய 77 இயக்கங்கள் மட்டும் சேர்ந்து ஏறத்தாழ 75 கோடி டாலரைக் கடைக் கவுண்டர்களிலும் இணையக் கூடைகளிலும் திரட்டின. குழந்தைகள் மருத்துவமனைகளுக்காக வால்மார்ட் ஆண்டுதோறும் நடத்தும் திரட்டல் அவற்றில் பெயர் பெற்றது. எனவே "சில்லறைப் பணம்தானே" என்று தள்ளிவிடக்கூடிய தொகை அல்ல இது. பல மருத்துவமனைகளுக்கு இது உண்மையான ஆதரவு.

கடைக்கு வரிச் சலுகை என்ற வதந்தி இங்கேயும் அப்படியே உண்டு. சட்டம் இங்கேயும் கடைக்குச் சலுகை தருவதில்லை. ரசீதை வைத்திருந்து, கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரித் தாக்கல் செய்யும் வாடிக்கையாளருக்கே அந்த உரிமை. வேறொரு வகைச் சந்தேகம் மட்டும் நீதிமன்றம் வரை போனது. சி.வி.எஸ். மருந்துக் கடைகள் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்துக்கு மூன்று ஆண்டுகளில் ஒரு கோடி டாலர் தருவதாக முன்பே உறுதியளித்திருந்தன என்றும், கவுண்டரில் வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை அந்த உறுதிமொழியை நிறைவேற்றப் பயன்படுத்திக்கொண்டன என்றும் 2022இல் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். நிறுவனம் அதை மறுத்தது. குற்றச்சாட்டு எப்படியிருந்தாலும், விருதுநகர் ஐயா கேட்ட கேள்வியே அங்கும் எழுந்தது: கடையின் பங்கு எது, என் பங்கு எது?

கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாஸ்டன் அருகே ஒரு பல்பொருள் அங்காடியில் கிறிஸ்துமஸ் காலத்தில் பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அங்காடிக்கு இரண்டு முதன்மை வாசல்கள். மணியடித்து நன்கொடை திரட்டும் சால்வேஷன் ஆர்மி தொண்டர்களைச் சில நேரம் ஒரு வாசலிலும், சில நேரம் இரண்டிலும் நிறுத்தினார்கள். சில நேரம் அவர்கள் மணியை மட்டும் அடித்தார்கள், சில நேரம் "தயவுசெய்து கொடுங்கள்" என்று வாய்விட்டும் கேட்டார்கள். வாய்விட்டுக் கேட்டபோது கொடை வெகுவாக உயர்ந்தது. அதே நேரத்தில் கேட்பவரைத் தவிர்க்க மற்ற வாசலைத் தேடிப் போனவர்களும் மிகுந்தார்கள். 2017இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பில் போடும் இடத்தில் இரண்டாவது வாசல் இல்லை. பொருள்கள் பெல்ட்டில் இருக்கின்றன, பணம் செலுத்தாமல் நகர முடியாது, கேட்பவர் முகத்துக்கு நேரே இருக்கிறார். அங்காடிகள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. எனக்கு இதில் அறவே உடன்பாடில்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கேட்டால்தான் கொடுக்கிறோம் என்பதும் அதே ஆய்வில் தெரிகிறது.

பதில்: தஞ்சாவூர்க்காரர்

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரித்துப் படிக்காத இன்சூரன்ஸ் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது வராத சந்தேகம் பத்து ரூபாயில் வருகிறது.

மீண்டும்: திருச்சி வாசகி

அனைவருக்கும் நன்றி. தஞ்சாவூர் ஐயாவுக்கு: இன்சூரன்ஸ் காகிதத்தையும் நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

கணக்காயர் ஐயா சொன்னபடி பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். அங்காடியின் பில்லில் நன்கொடை தனி இனமாக இருக்கிறது, அமைப்பின் பெயரும் இருக்கிறது. மருந்துக் கடையின் பில்லில் தொகை முழுமையாக்கப்பட்டது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எனவே அங்காடியில் விருப்பம்போல் கொடுப்பது, மருந்துக் கடையில் 387 ரூபாயையே செலுத்துவது, செயலியில் தானாக ஏறும் தொகையை நீக்கிவிட்டு 1915இல் புகார் பதிவது என்று முடிவு செய்திருக்கிறேன். காசாளராக இருந்த சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, பில் போடும் பெண்ணிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அங்காடியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கே எழுதியிருக்கிறேன்: சென்ற நிதியாண்டில் எங்களிடம் திரட்டியது எவ்வளவு, அதை எப்போது அனுப்பினீர்கள், உங்கள் பங்காக எவ்வளவு சேர்த்தீர்கள்?

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஓராண்டில் இப்படிச் சிறுசிறு தொகையாகக் கொடுத்தவற்றுக்கு நான் 80ஜி கழிவு கோர முடியுமா?

மீண்டும்: கோவை கணக்காயர்

நடைமுறையில் முடியாது அம்மா. 2021-22ஆம் நிதியாண்டிலிருந்து, கொடையாளரின் பான் எண் போன்ற அடையாள விவரங்களோடு அறக்கட்டளை அடுத்த மே 31க்குள் படிவம் 10பிடியைத் தாக்கல் செய்து, உங்கள் பெயருக்குப் படிவம் 10பிஇ சான்றிதழ் தந்தால்தான் கழிவு கிடைக்கும். கவுண்டரில் உங்கள் பெயரை எவரும் கேட்பதில்லை. தவிரவும், நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவே கிடையாது. 2023-24 முதல் நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் தொகைக்குப் பழைய முறையில் கழிவு கோருவதாக இருந்தால், அவர்கள் தரும் ரசீதோடு 10பிஇ சான்றிதழையும் கேட்டு வாங்கி வையுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்குக் கழிவு இல்லை, ஆகவே வங்கி வழியாகவே அனுப்புங்கள். அங்காடியிலிருந்து பதில் வந்தால் இங்கே பதியுங்கள்.